லூக்காவின் கை

சுஜாவின் விரல்கள் வேகமானவை என்று முதன்முதலில் எழுதிக் கொடுத்தது அரசுத் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ். 2002ஆம் ஆண்டு, ஆங்கிலம் ஹையர், முதல் வகுப்பு. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. அப்பா திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலைக்கு வரும் கரும்பு வண்டிகளை எடை போடுகிறவர். மகள் ஏதாவதொரு கோர்ட்டில் தட்டச்சராக உட்கார்ந்துவிடுவாள் என்று ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கோர்ட்டும் கூப்பிடவில்லை, வேறு யாரும் கூப்பிடவில்லை. 2005 மே மாதம் பிரபுதாஸைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தாள். பிள்ளை இல்லை. மலைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. வார நாட்களில் காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை. மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வருகிறவர்களின் பெயர், ஊர், எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு சாவி கொடுக்க வேண்டும். அதற்கு வேகமான விரல் எதற்கு?

பிரபுதாஸ் அவளைவிட ஐந்து வயது மூத்தவர். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை வண்டியில் போய் மாலை வண்டியில் வருவார். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. சபைக் கமிட்டியில் ஒன்பது வருடம் இருந்தார். பேச்சில் யாரையும் விடமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் உப்பு கூடினால் அதைச் சொல்லிவிட்டுப் போகிற மனிதரல்ல. கூடிய உப்புக்கும் அவள் பிறந்த ஊருக்கும் சம்பந்தம் கண்டுபிடித்துச் சொல்வார்.

2023 மார்ச் 14 செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மூளையில் அடைப்பு. உயிர் பிழைத்தது, வாயும் பிழைத்தது. வலது கையும் வலது காலும் போயின. கூடவே இன்னொன்றும் போனது. இரண்டு கண்ணிலும் வலப்பாதிப் பார்வை இல்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பிரபுதாஸ் சிரித்தார். டாக்டருக்குத்தான் கண் சரியில்லை என்று வீடு வரும் வரை ஆட்டோவில் சொல்லிக்கொண்டு வந்தார். தட்டில் இடப்பக்கச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, இவ்வளவுதான் போடுவாயா என்று கேட்பார். சுஜா தட்டை அரைச் சுற்று சுற்றி வைப்பாள். சோறு மறுபடி வந்துவிடும்.

அந்த வருடம் முடிவதற்குள் அவர் பெயர் ஒவ்வொரு இடமாகக் கழன்றது. வேலையில் மருத்துவ ஓய்வு. கமிட்டித் தேர்தலில் அவரைக் கேட்காமலே வேறொருவரைப் போட்டார்கள். பாடகர் குழுவில் அவர் நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்தான். வந்து பார்த்த நண்பர்கள் அவரிடம் பேசாமல் சுஜாவிடம், "சாப்பிடறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தது ஓர் இடம்தான். அங்கே அவர் பெயர் லூக்கா.

கணினியில் விளையாடும் கோட்டைச் சண்டை விளையாட்டு அது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் புகுந்து, கூட்டமாகச் சேர்ந்து கோட்டை பிடிக்க வேண்டும், பிடித்த கோட்டையைக் காக்க வேண்டும். இப்படிச் சேரும் கூட்டத்துக்குக் கில்டு என்று பெயர். பிரபுதாஸ் இருந்த கில்டு 'எல்லைக் காவல்'. திருத்தணி, அரக்கோணம், நகரி, புத்தூர் என்று எல்லைக்கு இரண்டு பக்கத்திலுமாக ஐம்பத்திரண்டு பேர். தலைவன் விஷ்ணு, நகரிக்காரன், வயது இருபத்தாறு, செல்போன் கடை வைத்திருப்பவன். பிரபுதாஸைத் தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல் பாவா என்றுதான் கூப்பிடுவான். கூட்டத்துக்கே அவர் ஒருவர்தான் மருத்துவர்; பைபிளில் வரும் வைத்தியர் லூக்காவின் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான். அடிபட்டு விழுகிறவனுக்கு உயிர் ஏற்றுவது லூக்காவின் வேலை. அவர் இல்லாத வாரம் கோட்டை கையைவிட்டுப் போகும். இது 2021இலிருந்து இருந்த நிலைமை.

கில்டுக்குச் சட்டம் எழுதியவர் ஜெரால்ட். அரக்கோணத்துக்காரர், வயது அறுபத்தொன்று, இருபது வருடம் சபைச் செயலாளராக இருந்தவர். விளையாட்டில் அவர் வெறும் காவல்காரன். ஆனால் பதிவேடு அவரிடம்தான். கில்டுக்கு விதிகள் வேண்டும் என்று விஷ்ணு கேட்டபோது, தனக்குத் தெரிந்த ஒரே சட்டப் புத்தகமான சபை நிர்வாக விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் 'சபை' என்று இருந்த இடத்திலெல்லாம் 'கில்டு' என்று போட்டார். முப்பது நாள் தகுதிகாண் காலம் அப்படித்தான் வந்தது. புதியவரைச் சேர்க்க இரண்டு அங்கத்தினர் பரிந்துரை, வராத வாரத்துக்கு முன்கூட்டியே விடுப்பு அறிவிப்பு, தாயைப் பழித்துப் பேசினால் ஒரு மாதம் விலக்கு, எல்லாம் அப்படி வந்தவை. ஞாயிறுதோறும் மாலையில் நடக்கும் சண்டை மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கிடையாது. அன்று மாலை நான்கு மணிக்குப் பொது அமர்வு. குற்றம் சாட்டப்பட்டவர் எல்லோரும் கேட்க மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜெரால்ட் படிக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் தகுதிகாண் காலத்திலேயே போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. அடுத்தவன் மாட்டிக்கொள்வதைக் கேட்கிற சுகம் சாதாரணமானதா?

நான்காவது விதி, ஒரு பெயருக்கு ஒரு கை. ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் ஆடக்கூடாது. ஆடினால் பெயர் நீக்கம், பாத்திரத்துக்கும் பூட்டு.

வலது கை போனபின் பிரபுதாஸ் இடது கையால் முயன்று பார்த்தார். நான்கு வாரம் விடுப்பு எழுதினார், இப்படி ஐந்து முறை எழுதினார். விடுப்புக்கும் விதியில் எல்லை உண்டு. 2023 ஆகஸ்ட் 13 ஞாயிறு, மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "இந்தா, வந்து ஒக்காரு. நான் சொல்றத அமுக்கு. அவ்ளோதான்" என்றார். சுஜா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு வலப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டும் மவுஸும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

ஏற்பாடு மிகவும் வசதியானது. மருத்துவர் எங்கே போகிறார், யாருக்கு உயிர் ஏற்றுகிறார் என்பதைப் போகுமுன்பே மைக்கில் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது ஆறாவது விதி. அவர் சொல்வார். ஐம்பத்தொரு பேருக்கு அது அறிவிப்பு. பக்கத்தில் இருக்கிறவளுக்கு அதுவே கட்டளை. ஹெட்செட் அவர் தலையில். மற்றவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது. அவர் குரலைக் கேட்டாள், திரையைப் பார்த்தாள், அமுக்கினாள்.

மூன்றாவது ஞாயிறு அது நடந்தது. அவர் "இடது மதிலுக்குப் போறேன்" என்றார். திரையில் வலப்பக்கம் ஆறு பேர் வாசலை உடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. சுஜாவுக்குத் தட்டு ஞாபகம் வந்தது. சொல்லலாம். சொன்னால் மைக்கில் கேட்கும். கேட்டால் நான்காவது விதி. அவள் லூக்காவை வலப்பக்கம் ஓட்டினாள். கோட்டை நின்றது. பிரபுதாஸ் நாற்காலியில் சாய்ந்து, "பாத்தியா, மதிலுக்குப் போனது எவ்ளோ சரியாப் போச்சு?" என்றார். அவள், ஆமாங்க என்றாள்.

பிறகு அது வழக்கமானது. கூட்டமாக மோதும்போது யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பது அவருக்குப் பிடிபடாது. முடிவில் கோட்டை நின்றால் போதும், தான் சொன்னபடி நடந்தது என்று எடுத்துக்கொள்வார். அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அங்கேயாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் செய்தாள். முதலில் அதற்காகத்தான். ஐப்பசி பிறந்தபோது லாட்ஜில் சாவி கொடுத்துக்கொண்டிருக்கையிலேயே வாசலை எப்படி அடைப்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். எதிரி வருமுன் எங்கே நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருமணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒரு விஷயத்தை அவளாக முடிவு செய்து, அது சரியாகவும் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதைச் சொல்ல ஆள் இல்லை.

நவம்பர் 12, தீபாவளி. தெருவில் சரவெடி. பதற்றத்தில் சுஜா வாய்விட்டு, "ஐயோ, பின்னால" என்று சொல்லிவிட்டாள். மைக்கில் கேட்டுவிட்டது. கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டும் பரசுராமன் அந்தக் கூட்டத்தில் வில்லாளி, வாய் நீளம். யார்ண்ணே அது, பொம்பள குரல் கேக்குது என்றான். பிரபுதாஸ் கொஞ்சமும் தயங்காமல், "வேலைக்காரி. பெருக்க வந்துகீறா" என்றார். ஐம்பது பேர் சிரித்தார்கள். சிரித்தது சுஜாவுக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது கேட்டது.

அப்புறம் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் குறைந்தது. நான்கு மணியானால், "கை எங்க? கைய வரச் சொல்லு" என்று காலி வீட்டைப் பார்த்துச் சொல்வார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

2024 ஜூன் 9ஆம் தேதி சண்டையில் லூக்கா இடது மதிலுக்கு வருவதாகச் சொன்னதை நம்பி, பாதி உயிரோடு அங்கே ஓடினான் பரசுராமன். லூக்கா வலது வாசலில் நின்று ஏழு பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பரசுராமன் செத்தான். விளையாட்டில்தான், ஆனால் மூன்று மாதம் சேர்த்த ஆயுதங்கள் போயின. அன்றே புகார் கொடுத்தான். மருத்துவர் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று.

ஜெரால்ட் எல்லாச் சண்டையையும் குரலோடு பதிவு செய்து வைத்திருந்தார். திங்கட்கிழமைதோறும் அதைத் திரும்பப் பார்த்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். இந்த முறை ஆகஸ்ட் 13இலிருந்து ஆரம்பித்தார். முப்பத்து நான்கு சண்டைகள். நிறுத்தி நிறுத்திக் கேட்டு மூன்று வாரத்தில் முடித்தார். ஜூன் 30 அன்று பிரபுதாஸுக்கு அறிவிப்பு வந்தது. ஒன்பதாவது விதி, பொய் அறிவிப்பு. பதிவுகள் முப்பத்தேழு. ஜூலை 7 பொது அமர்வில் படிக்கப்படும். நிரூபணமானால் தண்டனை மூன்று வாரம் பின்வரிசை. அதாவது வரலாம், ஆடலாம், பேசக்கூடாது.

பிரபுதாஸ் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஜெரால்டின் காதையும் கண்ணையும் அவருடைய அப்பாவையும் பற்றிப் பேசினார். சுஜாவுக்கு அந்த முப்பத்தேழும் எவை என்று தெரியும். சனிக்கிழமை அவருக்கு நகம் வெட்டிவிடும்போது சொன்னாள்:

"மொத்தமா ஒத்துக்குங்க. மூணு வாரம் வாய மூடிகினு இருந்தா முடிஞ்சுடும். பேரு நிக்கும் இல்ல?"

"நான் சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணா? நீ பக்கத்துலதான இருந்த. நீ சொல்லு."

அவள் அடுத்த விரலை எடுத்தாள்.

"சொல்லு. நீ இன்னா, என் பக்கமா, கெழவன் பக்கமா?"

உங்க பேரு நிக்கணும், அதான் என்றாள். செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள அவர் என்ன அவளுடைய அப்பனா, எடையில் கையை வைத்துவிட்டு ஆலை மேஸ்திரி காலில் விழுவதற்கு என்று கேட்டார். அவள் அப்பா எடையில் கை வைத்தவரல்ல. இது அவருக்கும் தெரியும்.

ஜூலை 7 ஞாயிறு மாலை நான்கு மணி. பிரபுதாஸ் வெள்ளைச் சட்டை போடச் சொன்னார். ஹெட்செட் வேண்டாம், ஸ்பீக்கரில் போடு, அந்தக் கெழவன் என்னிடம் மன்னிப்புக் கேட்பதை நீயும் கேள் என்றார். அதனால்தான் அன்று சுஜாவுக்கு எல்லாக் குரலும் கேட்டது. பத்து மாதத்தில் முதல்முறை.

நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். ஜெரால்ட் வருகையை வாசித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல் பதிவு. 2023 ஆகஸ்ட் 27. நாலு மணி பதினெட்டு நிமிடம். அறிவிப்பு, இடது மதில். செயல், லூக்கா வலது வாசலுக்குப் போனார். வலப்புறம் எதிரிகள் ஆறு பேர். இதனால் உயிர் பிழைத்தவர்கள் நான்கு பேர். ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?"

"மறுக்கிறேன்."

ஜெரால்ட் பதிவை ஓடவிட்டார். பிரபுதாஸின் குரல், இடது மதிலுக்குப் போறேன் என்றது. திரையில் லூக்கா போன பாதையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். இரண்டாவது பதிவு செப்டம்பர் 10. மூன்றாவது செப்டம்பர் 17. ஒவ்வொன்றுக்கும் மறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவரின் குரல், ஆறாவதில் தடித்தது. ஏழாவதில் சிவப்புக் கோட்டைத் தேடித் திரையின் ஓரம் வரை கழுத்தைத் திருப்பினார். முழுதாகத் திருப்பினால்தான் அவருக்கு அந்தப் பக்கம் தெரியும். தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். சுஜாவின் கை தெரிந்தது.

எட்டாவதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மௌனம் மறுப்பாகக் கொள்ளப்படும் என்று ஜெரால்ட் சொல்லிவிட்டு ஒன்பதாவதைப் படித்தார். படித்துவிட்டு, விதிப்படி கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது என்றார்.

"முப்பத்தேழு இடத்திலும் எதிரி வலப்பக்கமிருந்துதான் வந்திருக்கிறான். இடப்பக்கம் வந்தவனை நீங்கள் ஒருமுறைகூட விட்டதில்லை. வலப்பக்கம் வந்தவனை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஏன்?"

பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் மூன்று வாரம். சுஜா அவர் முழங்காலைத் தொட்டாள். ஒத்துக்கொள்ளுங்கள் என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஆனால் பொய் சொன்னவன், எதிரி எங்கே வருகிறான் என்று பார்த்துவிட்டுத்தானே பொய் சொல்ல முடியும்? அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்கு அவரிடம் இருந்த பதில் ஒன்றுதான், டாக்டர் படம் போட்டுக் காட்டிய பதில். அதை நாற்பத்தாறு பேர் முன் சொல்வதைவிட அவருக்கு வேறு எதுவும் லேசாகத் தோன்றியது.

"அது என் கை இல்ல" என்றார். "என் வீட்டுக்காரி கை. நான் சொன்னத அமுக்கறதுதான் அவ வேல. நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு செஞ்சுகீறா. பத்து மாசமா. எனக்கே தெரியாம. எழுதிக்குங்க ஐயா, குத்தம் அவளுது."

விஷ்ணு, சும்மா சொல்ற பாவா என்று இழுத்தான். பரசுராமன் குறுக்கே வந்தான்.

"அன்னிக்கு வேலைக்காரின்னியே, அவங்களா? சரிண்ணே. கை அக்காவுது. கண்ணு யாருது?"

ஸ்பீக்கரில் சிரிப்பு வந்தது. அதற்கு முன் பல முறை பிரபுதாஸே இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறார், வேறு யார் யாரையோ காட்டி. ஜெரால்ட் ஒழுங்கு, ஒழுங்கு என்று மேசையைத் தட்டினார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். பொய் அறிவிப்பு என்ற குற்றச்சாட்டு இனி நிற்காது. நான்காவது விதி நிற்கும். அங்கத்தினரே வாக்குமூலம் கொடுத்துவிட்டதால் சாட்சி தேவையில்லை. பிரபுதாஸ், திருத்தணி, பதிவேட்டு எண் பதினேழு, இன்றோடு நீக்கம். லூக்காவுக்குப் பூட்டு. நேரம் நான்கு மணி நாற்பத்தொன்று. மீதிப் பதிவுகளைப் படிக்க வேண்டியதில்லை.

"நிறுத்து அத. பாத்ரூம் போணும், தூக்கிவிடு" என்றார் பிரபுதாஸ்.

சுஜா எழுந்திருக்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, மீதி இருபத்தெட்டும் படிங்க."

அங்கத்தினரல்லாதவர் அமர்வில் பேச இடமில்லை என்றார் ஜெரால்ட். பேசல ஐயா, கேக்கறேன் என்றாள் சுஜா. எடுத்த பதிவை முடிக்காமல் வைக்கலாமா என்று விதியில் இருக்கிறதா பாருங்கள் என்றாள். ஜெரால்ட் பார்த்தார். தாள் புரளும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. திறக்கப்பட்ட குறிப்பேடு முழுவதும் வாசிக்கப்பட்ட பின்பே மூடப்படும் என்று சபை விதியில் இருந்தது. கில்டு என்று மாற்றி அவரே எழுதியிருந்தார்.

"சுஜா. தூக்கிவிடு."

"இருங்க."

ஜெரால்ட் படித்தார். பத்தாவது பதிவு, நவம்பர் 12. எதிரிகள் ஒன்பது பேர், பிழைத்தவர்கள் பதினொரு பேர். இந்த இடத்தில் லூக்கா எடுத்த பாதையைத் தான் மூன்று முறை திருப்பிப் பார்த்ததாகவும், வேறு எந்தப் பாதையில் போயிருந்தாலும் கோட்டை போயிருக்கும் என்றும் குறிப்பில் எழுதியிருந்தார். அதையும் படித்தார், எழுதியதைப் படிக்காமல் விடுகிறவரல்ல. பதினைந்தாவது, இருபதாவது. 2024 பிப்ரவரி 18, வாசலை அடைக்க எடுத்த நேரம் நாலு விநாடி. விஷ்ணு இடையில், அது எனக்கு ஞாபகம் இருக்குது, அன்னிக்கு நான் செத்தேன்னே நெனச்சேன் என்றான். வேறு யாரோ, ஆங், நானும்தான் என்றான். சுஜா முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள். முகத்தில் எதுவும் இல்லை. இருபத்தாறாவது பதிவில் ஜெரால்ட் ஒரு நேரத்தைத் தவறாகப் படித்துவிட்டுத் திருத்தினார். அந்தத் திருத்தம் சரிதான் என்று அவளும் தலையாட்டினாள்.

பக்கத்தில் பிரபுதாஸ் இரண்டு முறை அவள் பெயரைச் சொன்னார். ஒருமுறை, ஏய் என்றார். ஒருமுறை இடது கையை ஊன்றி எழப் பார்த்து, நாற்காலியிலேயே விழுந்தார். பிறகு சும்மா இருந்தார்.

முப்பத்தேழும் முடிந்தபோது மணி ஐந்து முப்பத்தொன்பது. மொத்தம் பிழைத்தவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர் என்று கூட்டிச் சொல்லிவிட்டு ஜெரால்ட் குறிப்பேட்டை மூடினார்.

அடுத்த ஞாயிறு மருத்துவர் இல்லாமல் கோட்டை நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். விஷ்ணுதான் கேட்டான், அக்கா, நீங்க சேர்றீங்களா என்று. பரிந்துரைக்கு இரண்டு பேர் வேண்டும். முதல் பரிந்துரை விஷ்ணு. இரண்டாவது பரசுராமன். என் ஆயுதத்த முழுங்குனது அந்தக் கைதான், அதான் எனக்குத் தெரியும் எவ்ளோ நல்ல கைன்னு என்றான் அவன். ஜெரால்ட் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். லூக்கா கிடையாது. புதுப் பாத்திரம், முதல் படியிலிருந்து, முப்பது நாள் தகுதிகாண் காலம். சுஜா சரி என்றாள்.

பெயர் கேட்டார், சொன்னாள். ஊர், வேலை, ஞாயிறு மாலை வேறு கடமை உண்டா, விதிகள் பதினான்கையும் படித்தாயிற்றா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"இந்த வீட்டில் இந்த விளையாட்டை விளையாடும் வேறு ஆள் உண்டா?"

பிரபுதாஸ் கழுத்தை முழுக்கத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க ஐயா."

"இதற்கு முன் இருந்தாரா?"

சுஜா கொஞ்சம் யோசித்தாள். தவறாக எதுவும் பதிவாகிவிடக்கூடாது என்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"பேசிகினு இருந்தாரு. வெளயாடல."

அதற்கும் இல்லை என்று எழுதிக்கொண்டார் ஜெரால்ட். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நேரத்தையும் குறித்துக்கொண்டு அமர்வை முடித்தார். சுஜா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அவரைத் தூக்கிவிட எழுந்து வந்தாள். அவர் லுங்கி நனைந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் தரையும் நனைந்திருந்தது. எத்தனையாவது பதிவின்போது என்று அவளுக்குத் தெரியவில்லை.